எந்தப் பக்கத்துக் கள்ளு?

பனங்கள்ளுக்கு ஒரு பகல்தான் ஆயுள். விடியப்புறம் மரத்தால் இறக்கிய நேரத்தில் அதில் இனிப்பு மேலோங்கி நிற்கும். வெயில் ஏற ஏற நுரை கூடும். இனிப்புத் தணிந்து கடுப்பு வரும். மத்தியானம் அது முழுக் கள்ளு. பொழுது சாயும்போது புளிப்பு முந்திக்கொள்ளும். அடுத்த நாள் அதைக் குடிக்க ஒருவரும் வரமாட்டார்கள். மூடி வைத்து விட்டுவிட்டால் கறிக்கு விடும் வினாகிரியாகிவிடும்.

என் ஐயா தென்மராட்சியில், வரணிப் பக்கம், கள்ளுச் சீவிய தொழிலாளி. அந்த வீட்டில் வளர்ந்த எனக்குக் கள்ளு என்பது நேரத்தோடு ஒட்டிய பொருள். காலைக் கள்ளு, மத்தியானக் கள்ளு, பின்னேரக் கள்ளு என்றுதான் எங்கள் வீட்டில் கதைப்பார்கள். ஒரு சைக்கிள் வெயிலுக்கு முன் எவ்வளவு தூரம் போய்ச் சேருமோ, அவ்வளவுதான் அது போகக்கூடிய தூரம்.

ஆகவே லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழ்க் கடையின் குடிவகைத் தட்டில், லயன் ஸ்டவுட்டுக்கும் தென்னஞ்சாராயத்துக்கும் நடுவில், யாழ்ப்பாணத்துப் பனங்கள்ளு போத்தலில் நிற்பதைக் கண்டபோது, கையை நீட்டி அதை எடுக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. மேலே தெளிந்த நீர், அடியில் வெள்ளை மண்டி. லேபலில் ஒரு பனையின் படம்.

நேரம் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கடையில் வேலை செய்பவர் யாழ்ப்பாணத்தவர். ஒரு பெண் தனியாக வந்து கள்ளுப் போத்தலைக் காசு மேசையில் வைக்கிறாள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார், போத்தலைப் பார்த்தார், பிறகு கேட்டார்: “தங்கச்சி, ஊரில எந்தப் பக்கம்?”

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அந்தக் கேள்வி விளங்கும். ஊரின் பெயரைச் சொன்னால் அது முடியாது. கோவிலடியா, பள்ளிக்கூடத்தடியா, தோட்டப் பக்கமா, பனங்காணிப் பக்கமா என்று இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் அது சாதியில் போய் நிற்கும். நான் வரணி என்றேன். ஐயா சீவல் தொழிலாளி என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. போத்தலைத் தாளில் சுற்றித் தந்தார்.

*

ஐயாவின் வேலை பாளை பார்ப்பதில் தொடங்கும். தை கழிந்து மாசி வரும் காலத்தில் பனைகள் பாளை தள்ளும். ஆண் பனையின் பாளை விரல்விரலாகப் பிரிந்து நிற்கும். பெண் பனையின் பாளையில் சிறு குரும்பைகள் பிடிக்கும். இரண்டிலும் கள்ளு எடுக்கலாம், பதப்படுத்தும் விதம்தான் வேறு. ஆண் பாளையின் விரல்களைச் சேர்த்துக் கட்டி, நசுக்கி, நுனியைச் சீவிவிட வேண்டும். அடுத்த நாளும் ஏறி நசுக்கி, சீவி இறங்க வேண்டும். இப்படிப் பல நாள் பாடுபட்ட பிறகுதான் பாளை வடியத் தொடங்கும். அதுவரை ஏறுவதெல்லாம் கூலியில்லாத ஏற்றம்.

வடியத் தொடங்கிய பிறகு காலையும் பின்னேரமும் ஏற வேண்டும். ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒரு சீவல். அந்தச் சீவல் எவ்வளவு மெல்லியது என்பதில்தான் தொழிலாளியின் கை தெரியும். தடிப்பாகச் சீவினால் பாளை விறுவிறென்று குறைந்து, பருவம் முடிய முன்னரே தீர்ந்துபோகும். ஒரு நாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊற்று அடைத்துக்கொள்ளும். அதனால் பருவ காலத்தில் ஐயாவுக்கு நல்லநாள் பெருநாள் கிடையாது. தன் தங்கச்சியின் கலியாணத்தன்றும் அவர் இருட்டோடு மரம் ஏறி இறங்கித்தான் குளித்துவிட்டு வந்தார் என்று அம்மா சொல்லுவார்.

பாதங்களில் தளைநார், இடுப்பில் கத்திக்கூடு, கூடவே வெறும் முட்டி. 60, 70 அடி உயரமுள்ள மரங்கள். மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறியதால் அவருடைய நெஞ்சிலும் முழங்கையின் உட்புறத்திலும் தோல் தடித்துக் கறுத்து இருக்கும். அவர் கை என் தலையில் படும்போது சொரசொரப்பாக இருக்கும். மேலே ஏறியதும் அவர் முதலில் செய்வது காற்றுப் பார்ப்பது. ஓலைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்துத்தான் உடலை மட்டைகளுக்குள் நிறுத்துவார். மழை பெய்த காலையில் மரம் வழுக்கும். அந்த நாட்களில் அம்மா அடுப்பு மூட்டாமல் படலையடியில் நின்றுகொண்டிருப்பார். பனையால் விழுந்து இடுப்பு முறிந்த ஆட்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்கள்.

இறக்கிய கள்ளில் பாளைத்தூளும் பூச்சியும் மிதக்கும். பன்னாடையால் அதை வடித்துத் தருவது என் வேலை. பனை மட்டையின் அடியில் சல்லடையாகப் பின்னிக் கிடக்கும் அந்த நார்த்துணியை மரமே தந்துவிடுகிறது. வடிக்கும்போது எழும் மணம்தான் எனக்குத் தெரிந்த முதல் மணங்களில் ஒன்று: ஈரப் பாளை, மண்முட்டி, இலேசான புளிப்பு, அதற்குள் ஒரு பழத்தின் வாசம்.

சில மரங்கள் அம்மாவின் மரங்கள். அவற்றுக்குரிய முட்டிகளை அம்மா நன்றாகக் கழுவிக் காயவைத்து, உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிக் கொடுப்பார். அவற்றில் இறங்குவது கருப்பநீர். அதைப் பெரிய தாச்சியில் ஊற்றி, பனைமட்டையும் ஓலையும் எரித்துக் காய்ச்சி, பாகு திரண்டதும் ஓலைக் குட்டான்களில் வார்த்தால் பனங்கட்டி. ஒரே பாளையின் நீர்தான். சுண்ணாம்பு இருந்தால் பிள்ளைகள் தேத்தண்ணியோடு கடித்துக்கொள்ளும் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் கள்ளு. அந்தச் சிறு வெள்ளைப் பூச்சு என்ன செய்கிறது என்று நான் விளங்கிக்கொண்டது பல ஆண்டுகளுக்குப் பிறகு, இங்கே ஓர் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பின்புதான். பாளையிலிருந்து வரும் நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்கு சீனி. காற்றிலும் பாளையிலும் பூச்சிகளின் காலிலும் இருக்கும் யீஸ்ட் என்ற நொதிகள் அதை விட்டுவைக்காது. சுண்ணாம்பு அந்த நீரைக் காரமாக்குவதால் நொதிகள் பெருக முடிவதில்லை. கள்ளு முட்டியையோ ஐயா அப்படித் தேய்த்துக் கழுவுவதில்லை. நேற்றைய கள்ளின் ஈரம் உள்ளே இருக்க வேண்டும் என்பார். அந்த ஈரத்தில்தான் நேற்றைய நொதிகள் இருந்தன. முட்டி மரத்தில் தொங்கும்போதே அவை வேலையைத் தொடங்கிவிடும். ஐயா இறக்கிக் கொண்டுவருவது ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்ட கள்ளு.

அப்பச் சட்டியிலும் கள்ளுக்கு இடம் உண்டு. ஊறவைத்து இடித்த மாவில் மத்தியானக் கள்ளுக் கொஞ்சம் விட்டுப் புளிக்க வைத்தால், காலையில் அது பொங்கி நிற்கும். அப்பத்தின் நடுப்பகுதி மெத்தென்றும் ஓரம் மொறுமொறுவென்றும் வரும். கள்ளைத் தொடாத ஆச்சிமாரும் எங்கள் படலைக்கு ஒரு செம்போடு ஆள் அனுப்புவார்கள்.

*

அனுப்புவார்கள், தாங்கள் வரமாட்டார்கள். இதையும் சொல்லாமல் கள்ளைப் பற்றி எழுதினால் அது பாதிக் கதையாகிவிடும்.

ஐயா சீவிய கள்ளை ஊரே குடித்தது. பனையோலைப் பிளாவைக் கோலிப் பிடித்து, மரத்தடியில் குந்தியிருந்து, அவர் ஊற்ற ஊற்றக் குடித்தவர்களில் காணிக்காரரும் வாத்திமாரும் இருந்தார்கள். அவர்களுடைய வீடுகளில் ஐயா முற்றத்தைத் தாண்டியதில்லை. அவருடைய இளவயதில் தேத்தண்ணிக் கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனிப்பேணி. கோவிலுக்குள் போகமுடியாது. 1966இல் தொடங்கிய தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்களும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் அவருடைய தலைமுறை கண்டவை. கையால் செய்ததைக் குடிப்பார்கள், செய்த கையைத் தொடமாட்டார்கள் என்று எங்கள் அப்பப்பா சொல்லுவாராம்.

1970களின் தொடக்கத்தில் சீவல் தொழிலாளர்களுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தது பெரிய மாற்றம். அதற்கு முன் கள்ளு விற்கும் தவறணைகள் குத்தகைக்காரரின் கையில் இருந்தன. விலையையும் அளவையும் அவர்கள்தான் தீர்மானித்தார்கள். சங்கம் வந்தபின் ஐயா போன்றவர்கள் தங்கள் கள்ளைத் தங்கள் சங்கத்துக்கே அளந்து கொடுத்தார்கள். ஐயாவிடம் ஒரு சங்க அட்டை இருந்தது. அதை அவர் அடையாள அட்டையோடு சேர்த்து ஒரே பையில் வைத்திருந்தார். 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. பருவத்தில் பெருகும் கள்ளை வீணாக்காமல் சாராயமாக வடிப்பதும், போத்தலில் அடைத்து வைப்பதும் இந்த வழியில் வளர்ந்த வேலைகள்தான்.

பிறகு யுத்தம். பதுங்குகுழிகளுக்குப் பனங்குற்றி தேவைப்பட்டது. தோப்புத் தோப்பாகத் தறித்தார்கள். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சி முழுதும் இடம்பெயர்ந்தது. திரும்பிப் போனபோது ஐயாவின் மரங்களில் பல தலையில்லாமல் நின்றன. பனைக்கு ஒரே ஒரு குருத்துத்தான். அது போனால் மரம் போயிற்று. வடலி வளர்ந்து பாளை தள்ளுவதற்கு 15, 20 ஆண்டுகள் வேண்டும். அந்த வயதில் ஐயாவுக்குக் காத்திருக்க 20 ஆண்டு இல்லை. எஞ்சிய மரங்களில் ஏறினார். நான் அதற்குப் பிறகுதான் இங்கே வந்தேன்.

*

போத்தலை அன்றிரவு என் கணவரோடு இருந்து திறந்தேன். அவர் வடமராட்சிக்காரர். கணவாய் பிரட்டலும் மாங்காய்த் துண்டும் வைத்திருந்தேன். மண்டியைக் கலக்கி, இரண்டு கண்ணாடிக் குவளைகளில் வார்த்தேன். பால் நிறம். நுரை கொஞ்சம் எழுந்து உடனே அடங்கியது.

முதலில் வந்தது காய்ச்சிய மணம். பனங்கட்டிக்கு ஏற்றிய தாச்சியில் முதல் கொதி எழும்போது வருமே, அந்த மணம். அதன் பின்னால் பாளை இருந்தது. தெளிவாக இருந்தது. நாக்கில் இனிப்பும் புளிப்பும் அளவாக நின்றன. தொண்டையில் கடுப்பு இல்லை. என் கணவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, “கள்ளுத்தான்” என்றார். இன்னொரு மிடறு குடித்துவிட்டு, “ஆனால் அசையேல்லை” என்றார்.

அவர் சொன்னது சரி. ஊர்க் கள்ளு வாய்க்குள் அசையும். அது இன்னும் புளித்துக்கொண்டிருக்கும் பொருள். காற்றுக்குமிழிகள் நாக்கில் குத்தும். போத்தலில் அடைப்பதற்காக அதைச் சூடாக்கி நொதிகளைக் கொன்றுவிடுகிறார்கள். பியர் ஏன் கெடுகிறது என்று ஆராய்ந்து 1876இல் பாஸ்ச்சர் ஒரு நூலே எழுதினார்; 60 பாகைக்கு மேலான சூட்டில் சிறிது நேரம் வைத்திருக்கும் அந்த முறைதான் இன்று உலகமெங்கும் போத்தல் பியரைக் காக்கிறது. அது இல்லாவிட்டால் ஐயாவின் ஊர்க் கள்ளு ஒருநாளும் கடல் கடந்து என் மேசைக்கு வந்திருக்காது. வழியிலேயே போத்தல்கள் வெடித்திருக்கும். அதற்கு நான் நன்றி சொல்கிறேன். அந்தக் குவளையில் என் சிறுவயதின் பாளை மணம் இருந்தது. இத்தனை ஆண்டுகளில் வேறெதிலும் அதை நான் முகரவில்லை. ஆனாலும் மத்தியானத்தை நோக்கி நகரும் காலைக் கள்ளின் உயிர் அதில் இல்லை.

என்னோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் ஓர் ஆங்கிலேயர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், பியர் விடயத்தில் மிகவும் தீவிரமானவர். 1971இல் இந்த நாட்டுக் குடிமக்கள் சிலர் சேர்ந்து காம்ரா என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். அவர் அதன் பழைய உறுப்பினர். பெரிய மதுபான ஆலைகள் வடிகட்டிச் சூடாக்கி, வாயு ஏற்றிய பியரை நாடு முழுவதும் பரப்பியபோது, பீப்பாவுக்குள்ளேயே நொதிகள் உயிரோடிருந்து பதமாகும் பழைய பியரைக் காப்பாற்றப் போராடிய இயக்கம் அது. அந்தப் பியரை நிலவறையிலிருந்து கைப்பம்பால் இழுத்து ஊற்றுவார்கள். பீப்பாவைத் திறந்தால் மூன்று நாளைக்குள் குடித்து முடிக்க வேண்டும். அதைப் பேணத் தெரிந்த நிலவறைக்காரருக்கு ஊரில் தனி மதிப்பு. ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சக ஊழியர் என்னை அப்படி ஒரு மதுச்சாலைக்குக் கூட்டிப்போய், “இது உயிரோடு இருக்கிறது” என்று ஒரு குவளையைக் காட்டியபோது எனக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

அவருக்கும் ஒரு கள்ளுப் போத்தல் வாங்கிக் கொடுத்தேன். முட்டி, பாளை, சீவல், சுண்ணாம்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மெதுவாகக் குடித்தார். கழுவாத முட்டியைப் பற்றிப் பல கேள்விகள் கேட்டார். அடுத்த கிழமை ஒரு பெல்ஜியப் போத்தலோடு வந்தார். தக்கை அடைத்து, கம்பி கட்டிய போத்தல். அது லாம்பிக் வகையைச் சேர்ந்தது. வெவ்வேறு வயதுள்ள லாம்பிக்குகளைக் கலந்து அடைத்த கூஸ் என்றார்.

லாம்பிக் பிரசெல்ஸ் நகரிலும் அதன் மேற்கே சென் ஆற்றை ஒட்டிய நாட்டுப்புறத்திலும் செய்யப்படுவது. பார்லி மோல்ட்டோடு மோல்ட் செய்யாத கோதுமையும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை, கூரையடியில் ஆழமில்லாத அகலத் தொட்டியில் ஊற்றி இரவு முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். நொதி எதையும் அவர்கள் போடுவதில்லை. இரவுக் காற்றும், பழைய கூரையும், பல தலைமுறை பியர் ஊறிய மரப்பீப்பாவும் தருகிற நொதிகள்தான். கோடையில் கெட்ட கிருமிகள் மிகுந்துவிடும் என்பதால் குளிர்காலத்தில் மட்டுமே காய்ச்சுவார்கள். பிறகு ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு என்று பீப்பாவில் கிடக்கும்.

அதை மூக்கருகில் கொண்டுபோனபோது பன்னாடை மணத்தது. ஈர மரம், புளிப்பு, பழவாசம். வாயில் வைத்ததும் கடுப்பு தொண்டைக்கு இறங்கியது, குமிழிகள் குத்தின. பார்லியில் பிறந்து, குளிர்நாட்டுக் கிடங்கில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த ஒரு பானம், எங்கள் படலையடி மத்தியானக் கள்ளுக்கு அந்தப் போத்தல் கள்ளைவிட நெருக்கமாக இருந்தது. காரணம் எளியது. இரண்டிலும் மனிதர் கூப்பிடாத நொதிகள் தாமாக வந்து வேலை செய்கின்றன; இரண்டிலும் புளிப்பைத் தரும் கிருமிகள் நொதிகளோடு கூடவே வாழ்கின்றன; இரண்டும் குடிக்கும் நேரத்திலும் உயிரோடு இருக்கின்றன. அங்கே பீப்பாவின் மரத்துக்குள் இருப்பது, இங்கே கழுவாத முட்டியின் ஈரத்தில் இருக்கிறது. குளிரும் ஹொப்ஸ் பூவும் தக்கையும் லாம்பிக்குக்கு ஆண்டுகளைக் கொடுக்கின்றன. வெயிலும் காற்றும் கள்ளின் ஆயுளை ஒரு பகலில் முடித்துவிடுகின்றன.

2016இல் யுனெஸ்கோ பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பிரசெல்ஸின் அன்டர்லெக்ட் பகுதியில் 1900இல் தொடங்கிய கான்டியோன் என்ற சிறு ஆலையில் ஒரே குடும்பம் நாலு தலைமுறையாக லாம்பிக் செய்கிறது. தூரதேசங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் அந்தக் கூரையையும் தொட்டியையும் பார்க்க வருகிறார்கள். தூசியையும் சிலந்தி வலையையும் கூடத் துடைக்காமல் காக்கிறார்கள் என்று என் சக ஊழியர் சொன்னார். எனக்கு அவர்கள் மேல் பொறாமை இல்லை; அந்த மரியாதை நியாயமானது. அதே அறிவு என் ஐயாவின் கையில் இருந்தது என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த முட்டியைக் கழுவுவது, எதைக் கழுவாமல் விடுவது, எந்த மரத்துக் கள்ளை எதோடு கலப்பது, எந்த வெயிலில் எத்தனை மணிக்கு இறக்குவது என்பதெல்லாம் அவர் நாக்காலும் மூக்காலும் தீர்மானித்தவை. அதற்கு யாழ்ப்பாணம் கொடுத்தது தனிப்பேணி.

என் சினேகிதி ஒருத்தி தமிழ்நாட்டுத் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவள். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். ஆனால் 1987 முதல் அங்கே கள்ளு இறக்கத் தடை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சுண்ணாம்பிட்ட பதநீர்தான். என் வீட்டில் போத்தல் கள்ளை ருசி பார்த்தவள், தன் தாத்தாவும் பனையேறிதான் என்றும், இதன் மணத்தைப் பற்றி அவர் சொல்லிக் கேட்டிருப்பதாகவும் சொன்னாள். ஒரு தொழிலின் மணம் இரண்டு தலைமுறைக்குள் கேள்விப்பட்ட ஒன்றாகிவிட முடியும் என்பது அன்று எனக்கு உறைத்தது.

*

அந்தக் கிழமை ஐயாவோடு தொலைபேசியில் கதைத்தபோது போத்தல் கள்ளைப் பற்றிச் சொன்னேன். அவர் ஏறுவதை விட்டுப் பல காலம். முழங்கால் ஒத்துழைப்பதில்லை. மகிழ்வார் என்று நினைத்தேன், மகிழ்ந்தார். “லண்டனுக்கு வந்திட்டுதோ!” என்றார். உடனே கேட்டார்: “எந்தப் பக்கத்துக் கள்ளு, பிள்ளை?”

“யாழ்ப்பாணம் எண்டு போட்டிருக்கு, ஐயா.”

“யாழ்ப்பாணம் பெரிசெல்லே. கடற்கரைப் பக்கத்து மணலில நிக்கிற பனையோ, செம்மண்ணோ? மாசிக் கள்ளோ, ஆடிக் கள்ளோ? ஆண் பனையோ, பெண் பனையோ?”

லேபலை எடுத்து வாசித்தேன். அதில் அவை எதுவும் இல்லை. “ஆர் சீவினதெண்டாவது கிடக்கோ?” என்றார். அதுவும் இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. கனபேரின் கள்ளை ஒன்றாகச் சேர்த்துத்தான் அடைப்பார்கள், அதனால் போட முடியாது என்று அவரே விளக்கினார். பிறகு, எங்கள் காணியில் கிணற்றடியில் நின்ற ஒரு பனையைப் பற்றிக் கனநேரம் சொன்னார். அதன் கள்ளு ஆனி மாதத்தில் பலாப்பழ வாசம் வீசுமாம். அதை வேறு முட்டியோடு கலக்காமல் தனியே வைத்து, தன் சிநேகிதர்களுக்கு மட்டும் கொடுப்பாராம். அந்த மரமும் 2000இல் போய்விட்டது.

ஈஸ்ட் ஹாம் கடையிலும் அந்தக் கேள்விதான் கேட்கப்பட்டது. அங்கே அது ஓர் ஆளை அளந்து ஒதுக்குவதற்கான கேள்வி. ஐயாவின் வாயில் அது ஒரு பொருளை அதன் மண்ணோடும் மாதத்தோடும் செய்தவரோடும் சேர்த்து மதிப்பதற்கான கேள்வி. என் சக ஊழியர் ஒரு பியரைக் கையில் எடுத்தால் ஆலை எது, ஹொப்ஸ் எது, காய்ச்சியவர் யார் என்று வாசித்துவிட்டுத்தான் குடிக்கிறார். கள்ளைப் பற்றியும் அப்படிக் கேட்கும் ஆட்கள் வேண்டும். வரணிக் கள்ளு, பளைக் கள்ளு, ஊர்காவற்றுறைக் கள்ளு என்று தனித்தனியே ருசி தெரிந்து கேட்பவர்கள் வந்தால், தனித்தனியே அடைப்பவர்களும் வருவார்கள். லேபலில் ஊரும் மாதமும் வரும். சீவியவரின் பெயரும் வரட்டும். அந்தப் பெயரை மறைக்க இனி ஒரு காரணமும் இல்லை.

ஆனால் லேபல் மட்டும் ஒருவரை மரம் ஏற வைக்காது. எனக்கு இரண்டு அண்ணன்மார். ஒருவருக்கும் ஐயா தளைநாரைத் தொடக் கொடுக்கவில்லை. பெண்பிள்ளை என்பதால் எனக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. அவர் விழாமல் ஏறி இறங்கியது நாங்கள் படிக்க வேண்டும் என்பதற்காக. நாங்கள் படித்தோம். அவருடைய கைப்பழக்கம் எங்களில் யாருக்கும் வரவில்லை. இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதை நான் நன்றாக அறிவேன். தொழில் அழியக்கூடாது என்று லண்டனில் இருந்து எழுதுவது எளிது. யாருடைய பிள்ளை ஏறுவது என்ற கேள்வி அதன் பின்னாலேயே வருகிறது. பிறந்த சாதியால் ஒருவனை மீண்டும் மரத்தில் ஏற்றி அந்த ருசியைக் காப்பாற்றுவதானால், அந்த ருசி எனக்கு வேண்டாம்.

நான் கேட்பது வேறு. விழுந்தால் குடும்பத்தைக் காக்கும் காப்புறுதி, பருவம் முடிந்த மாதங்களுக்கும் வயிறு நிரம்பும் வருமானம், ஏறுவதற்குப் பாதுகாப்பான கருவி, கற்றுக்கொள்ள ஒரு பள்ளி, அந்தப் பள்ளிக்குள் எந்த வீட்டுப் பிள்ளையும் நுழையக்கூடிய நிலைமை. நொதிகளின் இயல்பைப் படித்த ஓர் இளைஞன், விரும்பி, நல்ல சம்பளத்துக்கு, கிணற்றடிப் பனையில் ஏறி, அதன் கள்ளைத் தனியே இறக்கி வைக்க வேண்டும். அவன் வேளாளனாக இருக்கலாம், யாராகவும் இருக்கலாம். கான்டியோனில் மகன் தகப்பனின் தொழிலை எடுத்தது அதில் மதிப்பு இருந்ததால். ஐயா தன் மகன்களுக்கு அதைக் கொடுக்காதது அதில் மதிப்பு இல்லாததால். கையில் ஒரே அளவு திறமை இருந்த இரண்டு தகப்பன்மாருக்கு நடுவில் உள்ள வேறுபாடு அது ஒன்றுதான்.

இப்போது என் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கள்ளு ஊற்றும்போது அது எப்படி இறங்குகிறது என்பதை முதலில் சொல்லுகிறேன். என் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குத் தங்கள் அப்பப்பாவின் தொழிலும் அம்மப்பாவின் தொழிலும் ஒரே குரலில் சொல்லக்கூடிய இரண்டு தொழில்கள். ஒருவர் வடமராட்சியில் தபால்காரர், மற்றவர் தென்மராட்சியில் கள்ளுச் சீவியவர். பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது மூத்தவள் இரண்டையும் எழுதினாள். பனையேறியதைப் பற்றித்தான் அதிகம் எழுதினாள். அதை வாசித்துக் காட்டியபோது ஐயா ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: சீவல் மெல்லிசாக இருக்கவேணும் என்றும் அதில் எழுதச் சொல்லு, அதுதான் தொழில்.